ஓய்வுபெற்ற கணவர் வீட்டில் தவிக்கிறார்: என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து கடந்த ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றார். அலுவலகத்தார் மாலையும் சால்வையுமாக வீடுவரை கொண்டுவந்து விட்டுச் சென்றார்கள். முதல் இரண்டு மாதங்கள் பழநி, திருச்செந்தூர் என்று கோயில்களுக்குப் போனோம். சந்தோஷமாகவே இருந்தார். இப்போது எதிலும் பிடிப்பில்லை. காலையில் பேப்பரை விரித்தால் பதினோரு மணிவரை அதே பக்கம். நான் சமையலறைக்குள் போனால் பின்னாலேயே வந்து, கேஸை ஏன் இப்படி எரியவிடுகிறாய், தேங்காய் ஏன் இத்தனை என்று கேட்கிறார். தெருவில் கரண்ட் போனால் பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்கிறார். அவர்கள் எடுக்கவில்லை என்றால் அன்று முழுவதும் யாரிடமும் பேசுவதில்லை. பெங்களூரில் இருக்கும் மகள், அப்பாவை யோகா வகுப்பில் சேர்த்துவிடு என்கிறாள். ஒப்பந்ததாரர் ஒருவர் மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார். போகச் சொல்லலாமா? கஜா புயலின்போது வாரக்கணக்கில் வீட்டுக்கே வராமல் வேலை பார்த்த மனிதர். அவரை இப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் போன் விஷயம்தான். உங்கள் கணவரின் தவிப்புக்கான காரணம் அதில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஊரில் இருட்டு என்றால் அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நடுராத்திரியில் மழையோடு டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனாலும் அவர்தான், கல்யாண மண்டபத்தில் வோல்டேஜ் குறைந்தாலும் அவர்தான். ‘சார், கரண்ட் எப்போது வரும்?’ என்ற கேள்வி பல நாள் அவருக்கு எரிச்சலைக் கொடுத்திருக்கும். ஆனாலும் தன்னை நம்பி ஊர் இருக்கிறது என்பதை அந்தக் கேள்விதான் தினமும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜூலை 1 காலையில் அது நின்றுபோனது. சம்பளத்தின் இடத்துக்கு ஓய்வூதியம் வந்தது, அவர் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். அந்த அழைப்பின் இடத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

இதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லத் தெரியாது என்பதும் உண்மை. அதனால்தான் தேங்காயைப் பற்றிப் பேசுகிறார்.

ஓய்வு வயதை உடம்பு தீர்மானிப்பதில்லை, அரசாணை தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889-இல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 வயதை வைத்தது. 1916-இல் அது 65 ஆனது. நம் தமிழ்நாட்டில் 58 ஆக இருந்தது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் மாறியது. ஜூன் 29 அன்று எந்தத் திறமையோடு இருந்தாரோ, அதே திறமையோடுதான் ஜூலை 1 அன்றும் உங்கள் கணவர் இருந்தார். ‘உங்களுக்கு வயதாகிவிட்டது, இனி நிம்மதியாக உட்காருங்கள்’ என்று உறவினர்கள் அன்போடு சொல்லும்போது அவர் முகம் சுருங்குவதற்கு இதுதான் காரணம்.

முதலில் உற்சாகம், பிறகு சோர்வு என்ற வரிசை உங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ராபர்ட் ஆட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களிலேயே இதைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார். ஓய்வுபெற்றதும் வருவது தேனிலவுக் காலம். அடுத்தது ஏமாற்றம். அதன்பின் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் காலம். கடைசியில் ஒரு நிலைப்பாடு. எல்லோரும் எல்லாப் படிகளிலும் ஏறி இறங்குவதில்லை, எதற்கும் இத்தனை மாதம் என்ற கணக்கும் கிடையாது. உங்கள் கணவர் இரண்டாவது படியில் நிற்கிறார். கோயில் பயணங்கள் முடிந்து, இனி நாளைக்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லாத இடம் அது.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் அவசரப்படுகின்றன. யோகா, நடைப்பயிற்சி, தோட்டம், பேரப்பிள்ளைகள் என்று நாளை நிரப்பப் பார்க்கின்றன. யோகா நல்லதுதான், செய்யட்டும். ஆனால் அவரிடம் நேரம் மிச்சமாக இருப்பது இங்கே பிரச்சினையே இல்லை. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்திய கூட்டத்தில் நின்ற ஒருவரிடம், பொழுது போக வழி சொல்கிறேன் என்று போனால் அவருக்கு அது அவமானமாகத்தான் படும். அவருக்குத் தேவை, தன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இன்னும் இருக்கிறது என்ற உறுதி.

அதைக் கண்டுபிடிக்க, ஓய்வுபெறுவோருக்கு ஆலோசனை சொல்லும்போது நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. பழைய டைரியின் பின்பக்கம் போதும். வேலையில் இருந்தபோது கழிந்த ஒரு சாதாரண வாரத்தை எடுத்துக்கொண்டு, அதில் செய்தவற்றையெல்லாம் எழுதச் சொல்வேன். பெரிய சாதனைகள் வேண்டாம், சாதாரண வாரம்தான் வேண்டும். உங்கள் கணவர் எழுதினால் அதில் என்னென்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. காலையில் புகார்ப் பதிவேட்டைப் பார்த்து லைன்மேன்களைப் பிரித்து அனுப்பியது. துணை மின்நிலையத்தில் எல்.சி., அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டதற்கான அனுமதி, வாங்காமல் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது என்று சத்தம் போட்டது. கம்பியில் உரசும் தென்னை மட்டையை வெட்ட மறுத்த விவசாயியிடம் பொறுமையாகப் பேசிச் சம்மதிக்க வைத்தது. புதிதாக வந்த வயர்மேனுக்கு, கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடை எப்படி மாட்ட வேண்டும் என்று கூட நின்று காட்டியது. பில் அதிகம் வந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவரை உட்காரவைத்து மீட்டர் கணக்கை விளக்கியது.

எழுதி முடித்தபின் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போட வேண்டும். இது நாற்காலியோடு வந்ததா, என்னோடு வந்ததா? ஆட்களை அனுப்பும் அதிகாரம் நாற்காலியுடையது, அது போய்விட்டது. அதைப் போய்விட்டது என்று எழுதிப் பார்ப்பதே பாதிச் சிகிச்சை. பலர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் ஆறுதல் சொல்லாமல் இருப்பது நல்லது. ஆனால் விவசாயியைச் சம்மதிக்க வைத்த பேச்சும், வயர்மேனின் உயிருக்குப் பயந்து கற்றுக்கொடுத்த அக்கறையும் எந்த ஆணையிலும் வந்தவையல்ல. அவை அவருடையவை. அவற்றை எங்கே கொண்டுபோவது என்பதுதான் அடுத்த கேள்வி. பக்கத்து ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்கு வாரம் ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். தெருவில் பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இதே பயிற்சிக்குப் பிறகு, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு ஊர் நூலகத்தில் உட்கார்ந்து வழிகாட்ட ஆரம்பித்தார். முன்பு கையெழுத்துப் போட்ட இடத்துக்கு இப்போது மனு கொண்டுபோகிறவர்களை அனுப்புகிறார். அதில் அவருக்குக் குறைவாகத் தோன்றவில்லை.

ஆனால் இந்தப் பயிற்சியை நீங்கள் நடத்தாதீர்கள், மகளும் வேண்டாம். மனைவி நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னால் அது வீட்டுப்பாடமாகிவிடும். அவருக்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஓய்வுபெற்று, இப்போது ஒருவாறு நிலைக்கு வந்துவிட்ட ஒருவரைத் தேடுங்கள். அதே துறைக்காரராக இருந்தால் நல்லது, அவருக்குக் கீழே வேலை பார்த்தவராக மட்டும் இருக்க வேண்டாம். அவரிடம் தனியாக விஷயத்தைச் சொல்லி, காலை நடைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று அப்படிப்பட்ட ஒருவர் சொன்னால் போதும், நான் சொல்லும் எல்லாவற்றையும்விட அது வேலை செய்யும். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கும் அவரோடு போகட்டும். அகவிலைப்படி பாக்கியைத் தவிர வேறு பேச்சே இல்லாத கூட்டமாக இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்வதை நிறுத்த ஒரு வழி உண்டு. கரண்ட் போனால் எல்லோரையும்போல மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண்ணில், 94987 94987-இல், புகார் பதிவு செய்யச் சொல்லுங்கள். தெருக்காரர்கள் அவரைக் கேட்டு வந்தால் அந்த எண்ணை அவர்கள் போனிலும் பதிந்து கொடுக்கட்டும். பழைய அலுவலகத்தில் போனை எடுக்காத இளைஞருக்கு இவர் மேல் வெறுப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. இவர் பேசினால் எழுந்து நிற்பதா, பதில் மட்டும் சொல்வதா என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. இப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். வேலையில்லாமல் அவர் பார்க்கும் முதல் மழைக்காலம் இது. காற்று பலமாக வீசும் இரவில் அவர் எழுந்து சட்டையை மாட்டினால் தடுக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். அலுவலகம் பக்கம் மட்டும் போக வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பிப் பக்கம் பிள்ளைகள் போகாமல் தெருமுனையில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு உங்கள் தெருவில் அவரைவிடத் தகுதியானவர் யார்?

சமையலறைக்கு வருகிறேன். இங்கே நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் படித்தேன். அவர் ஓய்வுபெற்றுவிட்டார், உங்களுக்கு வேலை கூடிவிட்டது. காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்துவிட்டால் மாலைவரை வீடு உங்களுடையதாக இருந்தது. இப்போது பதினோரு மணிக்குக் காபி, ஒரு மணிக்குச் சூடாகச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி காபி. இதை அவரிடம் சொல்ல வேண்டும். சண்டை நடக்கும்போது சொல்லாமல், சும்மா இருக்கும் ஒரு மாலையில் சொல்லுங்கள்.

கூடவே, ஒரு துறையை முழுதாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்றால் அவருக்குப் பிடிக்காது. பொறுப்பு வகித்தே பழகிய மனிதர் அவர். மார்க்கெட், மளிகை, மாதக் கணக்கு மூன்றும் அவருடையது என்று சொல்லிவிடுங்கள். தேங்காய் எத்தனை என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். கொடுத்தபின் பையைத் திறந்து, கத்தரிக்காய் முற்றிப்போயிருக்கிறதே என்று சொல்லக் கூடாது. இரண்டு வாரம் முற்றிய கத்தரிக்காய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பதிலுக்குக் காலைச் சமையல் முடியும்வரை அடுப்பங்கரை உங்களுடையது. வாரத்தில் ஒரு பகல் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள், உங்கள் அக்கா வீட்டுக்கோ கோயிலுக்கோ போவீர்கள். அன்று அவர் தானே காபி போட்டுக்கொள்வார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனம் நிலையில்லாத இந்த மாதங்களில் பணிக்கொடைப் பணத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். நிலம் வாங்குவது, பிள்ளைகள் பெயருக்கு வீட்டை எழுதிவைப்பது, தெரிந்தவரின் தொழிலில் போடுவது மூன்றும் காத்திருக்கட்டும். மாதம் மூன்று சதவீத வட்டி என்று வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய்வரை போடலாம். 60 வயது நிறைந்தவர் எப்போது வேண்டுமானாலும் அதில் சேரலாம், எனவே அவசரம் இல்லை. வங்கியில் வைப்பதானால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய்வரைதான் காப்பீடு என்பதை நினைவில் வையுங்கள். ஓய்வூதிய ஆணையின் நகல் எங்கே இருக்கிறது, குடும்ப ஓய்வூதியத்துக்கு உங்கள் பெயர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்பதை இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அவருக்கும் அது செய்யத் தெரிந்த வேலை.

சில அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் மேலே சொன்னதெல்லாம் போதாது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, குடிப்பழக்கம் கூடுவது, ‘இனி நான் இருந்து என்ன’ என்ற பேச்சு – இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைபாடும்கூட இப்படி ஆளைச் சோர்வாக்கும், எனவே ரத்தப் பரிசோதனையும் செய்யட்டும். மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். நீங்களும் உங்களுக்காகப் பேசலாம்.

இனி ஒப்பந்ததாரர் வேலை. இப்போதைக்கு வேண்டாம், பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்று அவர் பதில் சொல்லட்டும். இன்றைய வெறுமையில் சேர்ந்தால், அது பழைய நாற்காலியின் நிழலைத் தேடிப் போவதாகிவிடும். அந்த ஒப்பந்ததாரர் இவருடைய அனுபவத்துக்காகக் கூப்பிடுகிறாரா, அலுவலகத்தில் இவருக்கு இருக்கும் பழக்கத்துக்காகக் கூப்பிடுகிறாரா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய சகாக்களிடம் போய் எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் வாங்கி வா என்பதுதான் வேலை என்றால், மரியாதையாக வாழ்ந்த மனிதருக்கு அது தினமும் குத்தும். டைரியை எழுதி முடித்தபின், களத்தில் இளைஞர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் வேலை, அதுவும் வாரத்தில் மூன்று நாள், பொறுப்புக் கையெழுத்து இல்லாமல் என்று கிடைத்தால் தாராளமாகப் போகட்டும். ஓய்வுபெற்ற சில பதவியினர் குறிப்பிட்ட காலத்துக்குள் தனியார் வேலையில் சேர முன்அனுமதி பெற வேண்டும் என்ற விதி அரசுப் பணிகளில் உண்டு. அது அவருக்குப் பொருந்துமா என்று நிர்வாகப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு ஒப்பந்ததாரருக்குப் பதில் சொன்னால் போதும்.