மூன்றாவது முறை யாருக்காக?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் நாமக்கல்லில் விடுதியோடு ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்ப்பதா, உங்கள் மைத்துனர் சொல்வதுபோல் எம்.பி.பி.எஸ். படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு நகை அடகில் இருக்கிறது, இரவில் தூக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் கலங்கத்தான் செய்வார்கள்.

ஆறுதல் அவ்வளவுதான். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

மூன்றாவது முறைக்கு ஆதரவாக நீங்கள் சொல்லும் காரணங்களை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். இவ்வளவு செலவு செய்தாகிவிட்டது. இரண்டு வருடம் போய்விட்டது. இப்போது நிறுத்தினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள். போன முறையைவிட நாற்பது மதிப்பெண் கூடியிருக்கிறது. அந்த நாற்பதோடு சேர்த்து 720க்கு அவள் எங்கே நிற்கிறாள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மற்ற எல்லாம் போன பணத்தையும் போன காலத்தையும் பற்றியவை. அவளுக்கு மருத்துவம் பிடித்திருக்கிறதா, அந்த வேலை அவளுக்கு ஒத்துவருமா என்று ஒரு வரிகூட இல்லை.

இதை உங்கள் குறையாகச் சொல்லவில்லை. மனித மனம் வேலை செய்யும் விதமே அது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார். காக்னிட்டிவ் டிஸோனன்ஸ் என்பார்கள். மன முரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்கள் சேர்ந்து இருந்தால் மனம் அதைத் தாங்காது. எதை மாற்றுவது சுலபமோ அதை மாற்றிக்கொண்டு நிம்மதி தேடும். 'நான் யோசித்துச் செய்கிற தகப்பன்' என்பது ஒரு எண்ணம். 'நகையை அடகு வைத்துச் செலவழித்த பணம் பலன் தரவில்லை' என்பது இன்னொன்று. போன பணம் திரும்பி வராது. அதனால் மனம் கணக்கைத் திருத்துகிறது: பலன் வரவில்லை என்று யார் சொன்னது, இன்னும் ஒரு வருடம் போனால் வரும்.

இந்தக் கோட்பாடு முளைத்ததற்கு நம் நாட்டுச் சம்பவம் ஒன்று காரணம். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் திரட்டி எழுதினார். அதைப் படித்த ஃபெஸ்டிங்கருக்கு ஒன்று விளங்கவில்லை. அதிர்ச்சியை உணர்ந்தும் சேதமே இல்லாத ஊர்களில், 'இதைவிடப் பெரிதாக ஒன்று வரப்போகிறது' என்ற வதந்தி ஏன் பரவ வேண்டும்? ஏற்கெனவே பயந்துபோனவர்கள் எதற்காகப் பயத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்? பயம் முதலில் வந்துவிட்டது, கண்ணெதிரே சேதம் எதுவும் இல்லை, ஆகவே பயத்துக்கு ஏற்ற காரணத்தை வதந்தி கொடுத்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 'நீட் இல்லாவிட்டால் வேறு எதிலும் வேலையே கிடைக்காதாமே', 'வரும் வருடம் கட்-ஆஃப் குறையுமாமே' என்று நீங்கள் எழுதியிருக்கும் எல்லா 'ஆமே'க்களும் இந்த ரகம்தான். எதையும் நீங்கள் விசாரித்து எழுதவில்லை.

அப்புறம் உங்கள் மைத்துனர். அவருடைய மகன் வெளிநாட்டில் மூன்றாம் வருடம் படிக்கிறான், 'நீங்களும் அனுப்புங்கள், இரண்டு பேரும் துணையாக இருப்பார்கள்' என்று வாரம் தவறாமல் போன் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கும் ஃபெஸ்டிங்கரிடம் ஒரு சம்பவம் உண்டு. 1954 டிசம்பரில் சிகாகோ பக்கம் ஒரு சிறிய குழு, 21ஆம் தேதி பெருவெள்ளத்தில் உலகம் அழியும், தங்களை மட்டும் பறக்கும் தட்டு வந்து காப்பாற்றும் என்று நம்பிக் காத்திருந்தது. சிலர் அதற்காக வேலையையே விட்டிருந்தார்கள். ஃபெஸ்டிங்கரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் அந்தக் குழுவுக்குள் ஆட்களை அனுப்பிக் கவனித்தார்கள். வெள்ளமும் வரவில்லை, தட்டும் வரவில்லை. அதுவரை பத்திரிகைக்காரர்களை அண்டவிடாத குழு, அதற்குப் பிறகுதான் தாங்களாகவே பத்திரிகைகளைக் கூப்பிட்டுச் செய்தி சொன்னது. சந்தேகம் வந்த பிறகு ஆள் சேர்த்தால் மனத்துக்குத் தெம்பு.

மைத்துனர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கட்டியதும் பெரிய பணம். நீங்களும் அனுப்பிவிட்டால் அவர் எடுத்த முடிவு சரியாகிவிடும். செலவழித்துவிட்டவரிடம் யோசனை கேட்காதீர்கள், தகவல் மட்டும் கேளுங்கள். 2021இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, இங்கே வந்து மேலும் 12 மாதப் பயிற்சி. இந்தியாவில் டாக்டராகப் பதிவு பெற, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300 கேள்விகளுக்கு 150 வாங்க வேண்டும். எப்போது எழுதப் போகிறான், எப்படித் தயாராகிறான் என்று அவர் மகனையே கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு கேள்வி. இன்று உங்கள் தெருவில் வேறொரு பெண், இதே மதிப்பெண்ணோடு, இதுவரை ஒரு ரூபாயும் செலவழிக்காமல் வந்து நின்றால், நகையை அடகு வைத்து ஒரு வருடம் விடுதியில் போய் உட்காரு என்று சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால் பதில் உங்களிடமே இருக்கிறது.

கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், நீங்கள் குறையாக எழுதிய இடம். 'பக்கவாதம் வந்து எங்கள் அப்பாவுக்குப் பேச்சு குழறிவிட்டது. இவள் புத்தகத்தை மூடிவிட்டு அவரோடு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவர் என்ன கேட்கிறார் என்று இவள் சொன்னால்தான் எங்களுக்கே தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இதையே படிப்பாகவும் தொழிலாகவும் வைத்திருக்கிறார்கள். பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறன் மற்றும் பேச்சு-மொழி நோயியல் பட்டப்படிப்பு.

மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, ஆக நான்கு வருடம். காது, தொண்டை, மூளையின் அமைப்பு, ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல் எல்லாம் வரும். நடுவிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பிறந்து இரண்டு நாளான குழந்தை தூங்கும்போது காதில் சின்னக் கருவியை வைத்து, உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பிடித்துக் கேட்கும் திறனைச் சோதிப்பார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்காதவர்களுக்கு உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் கருவியின் அளவைக் குழந்தைக்கு ஏற்பத் திருத்தி, கேட்பது எது, அதற்கு என்ன அர்த்தம் என்று மாதக்கணக்கில் பழக்குவது இந்தப் படிப்புக்காரர்கள். திக்குவாய், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு, குரல்வளையை எடுத்துவிட்டவர்களுக்கு மாற்றுக் குரல், வயதானவர்களுக்குக் காது மிஷின் பொருத்துவது எல்லாமே இதில் அடக்கம்.

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அஃபேசியாவாக, அதாவது மூளை பாதிப்பால் மொழித்திறன் தடைபடும் நிலையாக இருக்கலாம். இதில் சிலருக்கு நாம் பேசுவது நன்றாகப் புரியும், பதில்தான் வாய்க்கு வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். மூன்றை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால் வராது. பேச முடியாதவர் பழகிய பாட்டைப் பாடிவிடுவதும் உண்டு. அந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சி கொடுப்பார்கள். விழுங்கும்போது சோறு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் எப்படி ஊட்டுவது என்பதும் இவர்கள் வேலைதான். அவரை ஒருமுறை பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மகளையும் கூட அனுப்புங்கள்.

இந்தத் தொழிலில் தாய்மொழி பெரிய மூலதனம். லகரமும் ளகரமும் ழகரமும் வராத குழந்தையை ஆங்கிலத்துக்காகச் செய்த சோதனையை வைத்து அளக்க முடியாது. மைசூரில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1960களிலிருந்து இயங்குகிறது. அங்கே சேரத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடந்துவருகிறது. விதிகள் மாறலாம், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். படித்து முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தால்தான் தொழில் செய்யலாம். குழந்தைகளின் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து சரிசெய்ய முயலும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள், மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், சொந்த கிளினிக் என்று வேலை இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மருந்து எழுத முடியாது. தொடக்கச் சம்பளம் டாக்டர் சம்பளம் இல்லை. மேலே வர முதுநிலை இரண்டு வருடம் படித்தால் நல்லது. கல்யாண வீட்டில் 'என்ன படிக்கிறாள்' என்று கேட்டால் ஐந்து நிமிடம் விளக்க வேண்டியிருக்கும். நீட்டுக்குப் படித்த உயிரியல் இங்கே உதவும்தான்; அதற்காக அந்தப் பணம் வீணாகவில்லை என்று நீங்கள் ஆறுதல் தேடிக்கொள்ள வேண்டாம். போனது போனதுதான்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்னொரு நகை அடகுக்குப் போகக் கூடாது, நிலத்தின் பேரில் கடன் கூடாது. இந்தப் படிப்பைத் தனியார் கல்லூரியில் படிக்க வைப்பதாக இருந்தாலும், நான்கு வருடக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. எங்கேயும் முன்பணம் கட்டிவிட்டு யோசிக்காதீர்கள். கட்டிய அன்றிலிருந்து அந்தக் கல்லூரியின் குறைகள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

மகளிடம் கேட்கும்போது 'உனக்கு டாக்டர் ஆக வேண்டும்தானே' என்று கேட்காதீர்கள். இரண்டு வருடம் விடுதியில் கிடந்தவளுக்கும் அதே மன முரண் இருக்கும். ஆமாம் என்றுதான் சொல்வாள். அவளை ஒருநாள் திருநெல்வேலி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அனுமதி கேட்டு உட்காரச் சொல்லுங்கள், அங்கே செவித்திறன் சோதனை நடப்பதைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வேறு பார்ப்போம். அதற்குள் மைசூர் நிறுவனத்தின் விண்ணப்பத் தேதியை இணையதளத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.