குழந்தைக் காப்பகச் செலவை யார் சம்பளத்தில் கழிப்பது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 180 பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சேர்ந்து 4 ஆண்டுகள் 2 மாதங்கள் ஆகின்றன. அடிப்படைச் சம்பளம் ரூ.25,000, பிடித்தம் போகக் கைக்கு வருவது ரூ.42,000. கணவருக்குக் கைக்கு வருவது ரூ.46,000. பிரசவத்துக்கு 4 வாரம் முன்பே விடுப்பு எடுத்துவிட்டதால், குழந்தைக்கு 5 மாதம் ஆகும்போதே விடுப்பு முடிகிறது. மேடவாக்கத்தில் எங்கள் வீட்டருகே உள்ள டே கேரில் மாதம் ரூ.11,000, சேர்க்கைக் கட்டணம் ரூ.15,000, மாலை 6 மணிக்கு மேல் மணிக்கு ரூ.100 என்கிறார்கள், 6 மாதம் முடிந்த குழந்தைகளைத்தான் சேர்ப்பார்களாம். வீட்டோடு ஆயா வைத்தால் ரூ.17,000. மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம் இருப்பதாகச் சொல்கிறார். "சம்பளத்தில் பாதி ஆயாவுக்கே போனால் எதற்காக வேலைக்குப் போக வேண்டும்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடுவதுதான் சரியா?

பதில்: உறவினர்களின் கேள்வியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. வீட்டு வாடகையைக் கணவர் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து, "இவ்வளவுதான் மிச்சம், இவர் எதற்காக வேலைக்குப் போக வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவை மட்டும் தாயின் சம்பளத்தில் கழிக்கிறோம். குழந்தை இருவருடையது, அந்தச் செலவால் இருவருமே வேலைக்குப் போக முடிகிறது. ஆகவே ரூ.11,000-ஐ உங்கள் ரூ.42,000-க்கு எதிராக வைக்காமல், இருவர் சம்பளமும் சேர்ந்த ரூ.88,000-க்கு எதிராக வையுங்கள். அப்போது அது எட்டில் ஒரு பங்கு. பெரிய தொகைதான், ஆனாலும் ஒரு குடும்பம் திட்டமிட்டுத் தாங்கக்கூடிய தொகை.

அடுத்து, இரண்டு வழிகளின் உண்மையான விலையைப் பார்ப்போம், ஏனெனில் சொல்லப்படும் மாதக் கட்டணம் எப்போதும் முழு விலை ஆகாது. டே கேரின் சேர்க்கைக் கட்டணத்தை 12 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் ரூ.1,250 கூடும். உங்கள் அலுவலகம் 6 மணிக்கு முடிந்து நீங்கள் 7 மணிக்கு வீடு சேருவதாக வைத்துக்கொண்டால், 22 வேலை நாட்களுக்குக் கூடுதல் நேரக் கட்டணம் ரூ.2,200. ஆக, முதல் ஆண்டில் மாதச் செலவு ரூ.14,450. ஆயா என்றால் ரூ.17,000-உடன், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் தருவது பல வீடுகளில் வழக்கம் என்பதால் மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.1,400, அவருடைய சாப்பாடு, தேநீருக்கு ரூ.2,000 என்றாவது சேர்க்க வேண்டும். ஏஜென்சி மூலம் வந்தால் அதன் கட்டணம் தனி. அவர் ஊருக்குப் போகும் நாட்களில் உங்களில் ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே ஒரு குழந்தை இருக்கும் உங்கள் நிலையில் டே கேர்தான் சிக்கனம். அதே குடியிருப்பில் இன்னொரு வீட்டிலும் கைக்குழந்தை இருந்து, இரு வீட்டாரும் ஒரு ஆயாவைப் பகிர்ந்துகொள்ள முடிந்தால் கணக்கு மாறும். அதற்கு முன், யார் வீட்டில், எத்தனை மணி வரை, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும்.

ரூ.2,200 கூடுதல் நேரக் கட்டணத்தை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். கணவர் வாரத்தில் மூன்று நாளாவது 6 மணிக்குள் குழந்தையை அழைத்துவர அலுவலக நேரத்தை முன்கூட்டி மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவர் தம் மேலாளரிடம் கேட்க வேண்டும். தாய்மார்கள்தான் நேரச் சலுகை கேட்க வேண்டும் என்பது எந்த நிறுவனத்தின் விதியிலும் எழுதப்படவில்லை.

வேலையை விட்டால் மிச்சமாவது என்ன, போவது என்ன என்பதையும் எழுதிப் பாருங்கள். கைக்கு வரும் ரூ.42,000 மட்டும் உங்கள் ஊதியம் அல்ல. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கப்பட்டால், உங்கள் பங்கு ரூ.3,000, நிறுவனத்தின் பங்கு ரூ.3,000 என மாதம் ரூ.6,000 உங்கள் பெயரில் சேர்கிறது. நிறுவனத்தின் பங்கில் ரூ.1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பணிக்கொடை (கிராஜுவிட்டி), அதாவது பணியிலிருந்து விலகும்போது நிறுவனம் தரும் தொகை. நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டு தொடர் பணி முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. உங்களுக்கு இன்னும் 10 மாதங்கள் இருக்கின்றன. ஊதியத்துடன் கூடிய 26 வார மகப்பேறு விடுப்பும் பணிக்காலமாகவே எண்ணப்படும், ஆகையால் அந்த மாதங்கள் வீணாகிவிட்டன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடைசியாகப் பெற்ற ரூ.25,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 ஆண்டுக்குக் கணக்கிட்டால் ரூ.72,115 வருகிறது. இப்போது ராஜினாமா செய்தால் அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அடுத்த 10 மாத டே கேர் செலவு, மேலே சொன்ன கணக்குப்படி ரூ.1,44,500. பணிக்கொடை பணியிலிருந்து விலகும்போதுதான் கைக்கு வரும் என்றாலும், அந்தச் செலவில் ஏறத்தாழப் பாதியை ஈடுசெய்யும் உரிமையை இந்த 10 மாதம் உங்களுக்குப் பெற்றுத் தருகிறது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருந்தால், குழந்தையின் பெயரையும் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் உண்டு என்று மனிதவளப் பிரிவில் இந்த வாரமே கேளுங்கள். அந்த அவகாசம் பெரும்பாலும் குறுகியது.

இனி, நிறுவனம் உங்களுக்குச் செய்ய வேண்டியது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்ற கடமையும் அப்போதுதான் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. உரிமைகள் மறையவில்லை, பிரிவு எண்கள்தாம் மாறின. காப்பகம் பற்றிய விதி இப்போது 67-ஆம் பிரிவில் இருக்கிறது. 50 பேர் என்பது எல்லாப் பணியாளர்களையும் சேர்த்த எண்ணிக்கை. பெண்கள் மட்டும் 50 பேர் இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்களில் சொல்லப்படும் விளக்கம் தவறு. 180 பேர் உள்ள உங்கள் நிறுவனத்துக்கு இந்தக் கடமை நிச்சயமாக உண்டு.

காப்பகத்தை நிறுவனம் தன் கட்டடத்திலேயே நடத்த வேண்டும் என்பதில்லை. அரசு, நகராட்சி, தனியார், தொண்டு நிறுவனம் ஆகியோர் நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தலாம். பல நிறுவனங்கள் சேர்ந்தும் ஒன்றை நடத்தலாம். நாள்தோறும் நான்கு முறை தாய் அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும்; அவருடைய ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடங்கும். கட்டணத்தை யார் ஏற்க வேண்டும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. பல பெண்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து: "எங்களுக்கு ஒரு டே கேருடன் டை-அப் இருக்கிறது" என்று நிறுவனம் சொல்லும், விசாரித்தால் ஒரு சிறு தள்ளுபடியைத் தவிர அதில் வேறெதுவும் இருக்காது.

அதனால் வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். நான் பணிக்குத் திரும்பும் நாள் இது, என் குழந்தைக்கு அப்போது இத்தனை மாதம், சட்டத் தொகுப்பின் 67-ஆம் பிரிவின்படி நிறுவனம் ஏற்பாடு செய்துள்ள காப்பகம் எங்கே இருக்கிறது, அலுவலகத்திலிருந்து எவ்வளவு தொலைவு, எத்தனை மாதக் குழந்தையை ஏற்கிறது, எத்தனை மணி வரை இயங்குகிறது, கட்டணத்தில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்று பணிவாகவும் தெளிவாகவும் எழுதினால் போதும். அப்படி ஏற்பாடு இல்லை என்று பதில் வந்தால், நீங்கள் சேர்க்கவிருக்கும் டே கேரின் ரசீதுக்கு ஈடாக மாதந்தோறும் ஒரு தொகையைத் தர இயலுமா என்பது உங்கள் அடுத்த கோரிக்கை. 2018-இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், காப்பகம் பணியிடத்திலிருந்து 500 மீட்டருக்குள் அல்லது தாய்மார்களின் வீட்டுப் பகுதியில் இருக்கலாம் என்கின்றன. மேடவாக்கத்து டே கேரை முன்வைக்க அது உங்களுக்குத் துணைசெய்யும். மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. டே கேரைப் பார்க்கப் போகும்போது சுவரில் வரைந்திருக்கும் படங்களைவிட, இந்த எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். நிறுவனம் கடமையை அறவே மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். அதற்கும் எழுத்தில் இருக்கும் கடிதப் போக்குவரத்தே ஆதாரமாகும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, பாலூட்டுவதற்கு நாளுக்கு இரண்டு இடைவேளைகள் உங்களுக்கு உண்டு. அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. காப்பகம் தொலைவில் இருந்தால் பாலைப் பீய்ச்சிச் சேமிக்கவும் அந்த நேரத்தைக் கேளுங்கள். இதுவும் பணக் கணக்குதான், ஏனெனில் பால் மாவு டின்களின் விலை மாதச் செலவில் கணிசமாக ஏறும். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னுமான மருத்துவக் கவனிப்பை நிறுவனம் இலவசமாகத் தராதிருந்தால் ரூ.3,500 மருத்துவ ஊக்கத்தொகை உண்டு. கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் அது வருவதில்லை. சேர்க்கைக் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக அதிலேயே அடைபடும்.

அரசுக் காப்பகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்கள் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக நடத்தப்படுகின்றன. உங்கள் பகுதியில் ஒன்று இருக்கிறதா என்பதை ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வழக்கமான அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி நம் மாநிலத்தில் 2 வயதிலிருந்துதான், அதன் நேரமும் அலுவலக நேரத்துக்கு ஒத்துவராது.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு விளையாட்டுப் பள்ளி, நர்சரிக் கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. கைக்குழந்தையின் டே கேர் கட்டணத்துக்கு அது பொருந்தாது, ஆகவே அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

எஞ்சியிருப்பது இடையில் விழும் ஒரு மாதம். 26 வாரத்தில் 4 வாரம் பிரசவத்துக்கு முன் போனதால், குழந்தைக்கு 22 வாரம் ஆகும்போது நீங்கள் திரும்ப வேண்டும். டே கேர் 26 வாரத்துக்குப் பிறகே ஏற்கும். (கருவுற்றிருக்கும் வாசகிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: சட்டம் அனுமதிக்கும் 8 வாரத்தையும் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், பிறகு கிடைப்பது 18 வாரம்தான்.) மாமியாரின் இரண்டு மாதம் இந்த இடைவெளிக்கு அமைந்ததைப் போல இருக்கிறது. குழந்தை பிறந்த வீட்டில் கூட்டம் இருக்கும் நாட்களில் அவரை வரவழைத்து அந்த மாதங்களைச் செலவழித்துவிடாதீர்கள். நீங்கள் பணியில் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு அவர் வரட்டும். பிறகு 4 வாரம் பாட்டியும் பேரக் குழந்தையும் வீட்டில் இருப்பார்கள். அதற்குப் பின் எஞ்சும் மூன்று நான்கு வாரங்களில், அவர் துணையிருக்கும்போதே, முதலில் இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள் என்று குழந்தையை டே கேருக்குப் பழக்குங்கள். வயதானவர் ஒருவர் தனியாக ஐந்து மாதக் குழந்தையை நாள் முழுவதும் பார்த்துக்கொள்வது கடினமான உழைப்பு. அந்த 4 வாரங்களுக்குச் சமையலுக்கோ துணிமணிக்கோ ஓர் ஆளை அமர்த்தும் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

வேலையின் தன்மை இடம்கொடுத்தால், மகப்பேறு விடுப்புக்குப் பின் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கு வீட்டிலிருந்து பணிபுரியச் சட்டம் வழிசெய்கிறது. நிறுவனம் ஒத்துக்கொண்டாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. எனினும் கணக்குப் பணியில் மாதக் கடைசி, மாதத் தொடக்க நாட்கள் தவிர மற்ற நாட்களில் அது இயலும் என்பதால், "எப்போதும்" என்று கேட்காமல், அந்த 4 வாரத்துக்கு வாரம் இரண்டு நாள் என்று தேதிகளைக் குறித்துக் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கடினமாக இருக்கும்.

ஈட்டிய விடுப்பு மீதமிருந்தால் அதை மகப்பேறு விடுப்புடன் சேர்த்து முழுவதும் தீர்த்துவிட வேண்டாம். டே கேரில் சேர்ந்த முதல் மாதங்களில் குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். அந்த நாட்களில் அவர்கள் குழந்தையை ஏற்க மாட்டார்கள், கட்டணத்தையும் குறைக்க மாட்டார்கள். அதற்காகக் குறைந்தது 8 நாட்களை இருப்பு வையுங்கள். கணவரும் அவ்வாறே வைத்துக்கொண்டு, இருவரும் மாறிமாறி எடுங்கள். மூன்று நாட்களை மட்டும் முதல் வாரத்துக்குச் செலவிடலாம்: பணிக்குத் திரும்பும் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால், வியாழக்கிழமை சேர அனுமதி கேளுங்கள். இரண்டு நாள் வேலை செய்து பார்த்தபின் ஒரு சனி, ஞாயிறு கிடைக்கும். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது, பால் எவ்வளவு தேவைப்படுகிறது, மாலையில் மேடவாக்கம் சேர உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். கூடுதல் நேரக் கட்டணம் பற்றி டே கேரில் பேச வேண்டியதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.