சின்ன மாமியை எத்தினை கட்டையில பாடலாம்?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில ஒரு ஆரம்பப் பாடசாலையில சங்கீத ரீச்சர். பரிசளிப்பு விழாவுக்கு தரம் 4, 5 பிள்ளையள் 28 பேரை வைச்சு பழைய பொப் பாட்டு கொயர் ஒண்டு செய்யச்சொல்லி அதிபர் கேட்டிருக்கிறார், பழைய மாணவர் எல்லாம் வருவினமாம். எனக்குத் தெரிஞ்சது கர்நாடக சங்கீதம் மட்டும்தான். ஒரு பிள்ளையின்ர அப்பா வந்து பைலா (இந்தப் பொப் பாட்டுகள்ல வாற ஆட்டத் தாளப் பாட்டு) எல்லாம் குடிகாரற்ற பாட்டு, பிள்ளையளைக் கெடுக்காதேங்கோ எண்டு ஏசிப்போட்டுப் போறார். பிள்ளையளோ பழைய பாட்டு போர் ரீச்சர் எண்டுதுகள். எந்தப் பாட்டை எடுக்கிறது?

பதில்: ரீச்சர், முதல்ல பிள்ளையளின்ர முறைப்பாட்டைப் பாப்பம். பின்னேரம் பாண்காரன்ர ஓட்டோ ஒழுங்கைக்குள்ள வரேக்க ஒரு மியூசிக் போடுமே, அது பீதோவன் 1810ல எழுதினது. உங்கட வகுப்பில அதை ஹம் பண்ணத் தெரியாத பிள்ளை ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம். பழசு எண்டதால பிள்ளைக்குப் பாட்டுப் பிடிக்காமல் போறேல்லை, பெரியாக்கள் பக்கத்தில நிண்டு "ஆ எங்கட காலத்தில" எண்டு தொடங்கினாத்தான் பிடிக்காமல் போகும். அதனால பழைய மாணவருக்கு எது பிடிக்கும் எண்டதை இப்போதைக்கு விடுங்கோ, இந்த 28 தொண்டைக்கும் எது பொருந்தும் எண்டதில இருந்து தொடங்குங்கோ.

ஏன் சொல்லுறன் எண்டால் நான் உதில நல்லா அடிபட்டனான். கன வருசத்துக்கு முதல் ஒரு கொயருக்கு கசெற்றில இருந்த அதே சுருதியில பாட்டைப் பழக்கிப்போட்டன், பாடினது ஆம்பிளை, பிள்ளையளுக்கு கீழ போற இடமெல்லாம் காத்துத்தான் வந்தது, மேல ஏத்திப் பாடுங்கோ எண்டு சொல்ல கத்தத் தொடங்கிட்டுதுகள், மேடையில பாதிப் பேர் கீழ பாதிப் பேர் மேல, சபை மரியாதைக்கு கை தட்டினது.

அந்த வயசுப் பிள்ளையளுக்கு நடு C இல இருந்து மேல் D வரைக்கும் சுகமா வரும். உங்கட பாஷையில சொன்னா ஒரு கட்டை சுருதி, அதாவது C ஐயே ச ஆப் பிடிச்சு மத்திய ச இல இருந்து மேல் ரி வரைக்கும். பாட்டில ஆகக் கீழ வாற ஸ்வரத்தைக் கண்டுபிடிச்சு அதை C இலயோ D இலயோ கொண்டுபோய் வையுங்கோ, மேல போற இடம் அந்த மேல் D ஐத் தாண்டுதோ, அப்ப அந்த அடியை வெட்டுங்கோ இல்லாட்டி பாட்டையே விடுங்கோ. கீபோட்டில சுருதியை ஏத்தி இறக்கிற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, ஆனா முதல்ல ஆர்மோனியத்தில செய்து பாருங்கோ, காது பழகும். கத்துற பெடியளுக்கு "மெதுவா பாடு" எண்டு சொல்லி வேலையில்லை. குயில் மாதிரி மேல இருந்து கீழ வழுக்கிக்கொண்டு "கூஊ" எண்டு கூவச் சொல்லுங்கோ, அந்தக் குரல்லயே பாட்டைத் தொடங்கச் சொல்லுங்கோ. சிரிப்பினம், பரவாயில்லை.

இனி அந்த அப்பா. உந்தப் பாட்டுகளை கலியாண வீட்டுப் பாட்டியில மட்டும்தான் கேட்டிருப்பார் போல. பைலா எண்ட சொல்லே போர்த்துக்கேயம், ஆடுறது எண்டு கருத்து. அந்தத் தாளத்தை இங்கிலீசில 6/8 எண்டுவினம், நீங்கள் தகிட தகிட எண்டு கை போட்டுப் பாருங்கோ, மூண்டு மூண்டா எண்ணுற உங்கட திஸ்ர நடைதான், வேற ஒண்டுமில்லை. கீர்த்தனை படிக்கிற பிள்ளை இதால கெடாது. ஒண்டை மட்டும் கவனியுங்கோ, கமகத்தை, அதுதான் ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறதை, வகுப்பறையில விட்டிட்டு வரச்சொல்லுங்கோ. 28 பேரும் ஆளாளுக்கு அசைச்சா கீபோட்டில சேத்து அடிக்கிற கோட்ஸுக்கு (chords) மேல பாட்டு களி மாதிரி வரும், ஸ்வரம் நேரா நிக்கோணும்.

எந்தப் பாட்டு எண்டு கேட்டால், எனக்கு முதல் தெரிவு சுராங்கனி. சிலோன் மனோகர் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச ஏ.ஈ. மனோகரன் பாடிப் பேர் வாங்கினது, பேந்து தமிழ்நாட்டுச் சினிமா வரைக்கும் போச்சுது. சொல்லு கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப வரும், மாலு எண்டால் சிங்களத்தில மீன் எண்டு சொல்லிக் குடுத்தாக் காணும், மிச்சத்தை பிள்ளையளே பிடிச்சிடுங்கள். உங்கட பிள்ளையளுக்கு ரெண்டு குரல்ல பாடிப் பழக்கமில்லை எண்டபடியா வெள்ளைக்காரக் கொயர் மாதிரி ஹார்மனி போடப் போகாதேங்கோ. ஒரு பத்துப் பேர் "மாலு மாலு" எண்டு ஒரே தாளத்தில விடாமல் சொல்லிக்கொண்டிருக்க மற்றவை மேல பாடட்டும். அதே காணும், கேக்கிறவைக்கு ரெண்டு குரல் மாதிரித்தான் இருக்கும்.

சின்ன மாமியே எடுக்கலாம், ஆனா முழுக்க வேண்டாம். நித்தி கனகரத்தினத்தின்ர பாட்டு, மாமியும் மருமகனும் மாறி மாறிக் கதைக்கிறது, எங்கட ஊர்க் கதையே அதில கிடக்குது. பெட்டையள் ஒரு பக்கம் மாமி, பெடியள் ஒரு பக்கம் மருமகன், நாடகமும் ஆச்சு. ஆனா அடியில அது காதல் கதை, ஒம்பது வயசுக்குத் தொடக்கப் பகுதி மட்டும் போதும், அதையே ரெண்டு தரம் பாடி முடியுங்கோ.

கள்ளுக்கடைப் பக்கம் போகாதே பாட்டையும் பழைய மாணவர் ஆராவது கேப்பினம், குடிக்காதே எண்டுதானே சொல்லுது, நல்ல பாட்டுத்தானே எண்டு. ஓம், நல்ல பாட்டு. ஆனா நான் எடுக்கமாட்டன். 28 பேரில ரெண்டு மூண்டு பேற்ற வீட்டில உது பகிடி இல்லை ரீச்சர், சபை முழுக்கச் சிரிக்கேக்க அந்தப் பிள்ளை எங்க பாக்கும். அதைப் பழைய மாணவரே மேடை ஏறிப் பாடட்டும்.

இங்கிலீஸ் பாட்டு ஒண்டும் வேணும் எண்டால் கார்ப்பென்டர்ஸ் எண்ட அமெரிக்கக் குழு 1973ல பாடின "சிங்" எண்ட பாட்டு, முதல்ல சிறுபிள்ளையளின்ர ரீவி நிகழ்ச்சிக்கு எழுதினது, நடுவில லாலா எண்டு வாற இடத்தில இங்கிலீஸ் ஏலாத பிள்ளையும் சேந்து பாடும். இல்லாட்டி சுவீடன் குழு அபாவின்ர "ஐ ஹாவ் எ ட்ரீம்" 1979, அதில ஸ்டொக்ஹோம் பள்ளிக்கூடப் பிள்ளையளே கொயர் பாடியிருக்கினம், போட்டுக் காட்டுங்கோ, உங்கட பிள்ளையள் "எங்களைப்போலதான்" எண்டுவினம். ரெண்டில ஒண்டு போதும். மொத்தமா மூண்டு பாட்டுக்கு மேல போகாதேங்கோ, தலைமை உரை எப்பிடியும் நீளும்.

எடுத்த பாட்டை மியூசிக் ஒண்டும் இல்லாமல் கைதட்டோட மட்டும் ஒருக்காப் பாடிப் பாருங்கோ. 90களின்ர முதல் பாதியில கரண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில நாங்கள் பாட்டுக் கேட்டது, மிதிக்கிறவன் களைச்சா பாட்டும் களைக்கும், மிச்சத்தை நாங்களே பாடி முடிப்பம். அப்பிடி வாயால பாடி முடிக்கக்கூடிய பாட்டைத்தான் கொயருக்கு எடுக்கோணும். விழா அண்டைக்கு கரண்ட் போனாலும் கீபோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

மைக்கை சத்தமாப் பாடுற பிள்ளையின்ர கையில குடுத்திடாதேங்கோ, ரெண்டு மைக்கை ஸ்ராண்டில போட்டு முன்னால கொஞ்சம் தள்ளி வையுங்கோ. ஏசிப்போட்டுப் போன அந்த அப்பாவுக்கு முன்வரிசையில ஒரு கதிரை போடுங்கோ, சுராங்கனிக்கு அவற்ற கால் தாளம் போடுதோ எண்டு பாத்து எனக்கு எழுதுங்கோ.