கணவருக்குப் பூனை அலர்ஜியோ என்ற சந்தேகம்: பூனை வாங்கலாமா?

இப்போது வாங்காதீர்கள், முதலில் அவருக்குப் பரிசோதனை. தோழி வீட்டுப் பூனை அருகே போனாலே அவருக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருகிறது என்கிறீர்களே, அது அலர்ஜியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம். பூனை தன்னை நக்கும்போது அது உடம்பெங்கும் பரவி, காய்ந்து, காற்றில் கலக்கிறது. அதனால் முடி குறைந்த இனம் என்றால் அலர்ஜி வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அலர்ஜி மருத்துவரிடம் தோல் பரிசோதனையோ ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியின்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) அளவோ பாருங்கள். தோல் பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தவேண்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வாங்க நினைக்கும் அதே பூனையோடு அவர் பலமுறை பழகிப் பார்க்கட்டும்.

ஆஸ்துமா இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவேண்டாம். பூனையைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தப் புரதம் மெத்தையிலும் சோபாவிலும் மாதக்கணக்கில் தங்கும். பாவம், பூனையும் ஏங்கிப்போகும்.