வொல்ஃப்காங் ஷொய்ப்ளே இத்தனை பதவிகள் வகித்தும் ஏன் ஜெர்மனியின் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) ஆகவில்லை?

பலரும் சக்கர நாற்காலியைக் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை. அன்றைய சான்சலர் ஹெல்முட் கோல் பதவியை விடாததும், ஒரு லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) ரொக்கமும்தான் காரணம்.

1972-இல் முதல்முறை எம்.பி. ஆனவர், 2023 டிசம்பரில் இறக்கும்வரை 51 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தார். தொகுதி ஒஃபன்புர்க். 1984-இல் சான்சலர் அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பு, 1989-இல் உள்துறை. கிழக்கு ஜெர்மனியின் குந்தர் கிராவுஸவுடன் பேசி இணைப்பு ஒப்பந்தத்தை முடித்தவர் இவர்தான். 1990 அக்டோபர் 3-இல் நாடு இணைந்தது. ஒன்பதே நாளில் ஒப்பனாவில் ஒரு தேர்தல் கூட்டத்தில் சுடப்பட்டு நடக்கும் சக்தியை இழந்தார். சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிட்டார். 1991 ஜூன் 20 அன்று நாடாளுமன்றமும் அரசும் பான் நகரிலேயே இருப்பதா, பெர்லினுக்குப் போவதா என்ற விவாதத்தில் பெர்லினுக்காகப் பேசினார். 338-க்கு 320 என்று பெர்லின் ஜெயித்தது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்பவர்கள் இன்றும் உண்டு.

1997-இல் 'எனக்குப் பின் ஷொய்ப்ளே' என்ற விருப்பத்தை கோல் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னவர் விலகவில்லை. 1998-இல் தானே நின்று தோற்றார். ஷொய்ப்ளேவுக்குக் கிடைத்தது தோற்ற கட்சியின், அதாவது இருவரும் சார்ந்த சிடியு-வின் (கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம்), தலைமை மட்டும்.

அடுத்த ஆண்டே, கட்சி கணக்கில் காட்டாமல் பணம் வாங்கிய நன்கொடை ஊழல் வெடித்தது. 1999 டிசம்பர் 2, நாடாளுமன்றம். ஆயுதத் தரகர் கார்ல்ஹைன்ஸ் ஷ்ரைபரை ஒரு நிகழ்ச்சியில் சந்தித்ததாக ஷொய்ப்ளே சொல்லிக்கொண்டிருக்கும்போது, எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல்: பணப் பெட்டியோடா, பெட்டி இல்லாமலா? பணத்தைப் பற்றி ஷொய்ப்ளே வாய் திறக்கவில்லை. ஜனவரியில், 1994-இல் ஷ்ரைபரிடம் ஒரு லட்சம் மார்க் வாங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பணம் யார் கைமாறி வந்தது என்பதில் அவர் ஒன்று சொன்னார், கட்சியின் முன்னாள் பொருளாளர் வேறொன்று சொன்னார். வாங்கியதைவிட மறைத்ததுதான் அவரைக் கவிழ்த்தது என்பது என் கணிப்பு.

இதற்கிடையில் டிசம்பர் 22 அன்று கட்சியின் பொதுச்செயலாளர் ஆங்கெலா மெர்கல், தலைவரான இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊழலில் சிக்கிய கோலைக் கைவிடச் சொல்லி நாளிதழில் கட்டுரை எழுதினார். பிப்ரவரியில் ஷொய்ப்ளே பதவி விலகல் அறிவிப்பு. ஏப்ரலில் மெர்கல் தலைவர். அந்தக் கட்சியில் சான்சலர் நாற்காலிக்கு வழி பெரும்பாலும் தலைவர் பதவி வழியாகத்தான். அந்த வழி அன்றோடு மூடிப்போனது.

2004-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அவர் பெயர் அடிபட்டது. மெர்கல் ஹோர்ஸ்ட் கோலரை நிறுத்தினார். பிறகு அதே மெர்கலிடம் உள்துறை (2005), நிதி (2009–2017). 2014-இல் புதுக் கடன் இல்லாத பட்ஜெட், 1969-க்குப் பின் முதல்முறை. 2015 ஜூலையில், கடன் நெருக்கடியில் இருந்த கிரேக்கத்தை ஐந்தாண்டு யூரோவிலிருந்து வெளியே வைக்கலாம் என்ற அவருடைய யோசனையும் விடிய விடிய நடந்த பேச்சுவார்த்தையில் கைவிடப்பட்டது. கடைசி வார்த்தை அங்கேயும் மெர்கலுடையதுதான்.