யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கரடிப் பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

இணையத்தில் எடுத்த ஒர்க்‌ஷீட்டுகள் கையில் இருக்கின்றன, எதை முதலில் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள். அவற்றில் வருவது பெரும்பாலும் பனிக்குகையில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் கரடி. முதுமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் திரியும் நம் காட்டுக் கரடி அப்படித் தூங்குவதில்லை. வருஷம் முழுக்க அதற்கு இரை கிடைக்கிறது. முதலில் அதைக் காட்டுங்கள், அந்தக் குகைக் கரடி வெள்ளிக்கிழமை வரட்டும்.

முதல் நாள் தரையில் சாக்பீஸால் 1.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு கரடி வரையுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்தால் கரடி ஏறக்குறைய ஒரு முழம் கூடுதலாக இருக்கும். அளவு அப்போதுதான் மனதில் ஏறும்.

முக்கியமான பாடம் வாய்தான். இந்தக் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. கறையான் புற்றை நகத்தால் உடைத்து, மண்ணை ஊதித் தள்ளி, அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இதை ஸ்ட்ராவால் செய்து காட்டலாம். தட்டில் 2 செ.மீ. சதுரக் காகிதத் துண்டுகளைப் போட்டு, மேலே கொஞ்சம் பஞ்சைப் பரப்புங்கள். பஞ்சை ஊதித் தள்ளிவிட்டு, காகிதத்தை உறிஞ்சித் தூக்கிப் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். காகிதம் ஸ்ட்ராவின் வாயைவிடப் பெரிதாக இருப்பது கட்டாயம். பொரி, கடுகு எதுவும் வேண்டாம், தொண்டைக்குள் போய்விடும். ஆளுக்கொரு ஸ்ட்ரா. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், பஞ்சு அடுத்தவர் முகத்தில் பறக்கும்.

கரடிப் படத்தில் ரோமம் ஒட்டும் வேலைக்குத் தேங்காய் நார் எடுப்பார்கள். அது குத்தும், தூசியும் கிளம்பும். கறுப்புக் கம்பளி நூலை 3 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். பசையை நீங்களே தடவிக் கொடுங்கள், தண்ணியாக இருந்தால் நூல் நிற்காது. நெஞ்சில் வெள்ளைக் காகிதப் பட்டையை நடுவில் மடித்து ஒட்டினால் இந்தக் கரடிக்கு இருக்கும் V வடிவ வெள்ளைக் குறி வந்துவிடும். தாயின் முதுகில் இரண்டு குட்டிகளை ஏற்றிவையுங்கள். குட்டிகள் உண்மையிலேயே அப்படித்தான் சவாரி போகும்.

நாலைந்து வயசுக்கு இவ்வளவு விவரம் எதற்கு என்று யாராவது கேட்கலாம். பிள்ளைகள் பல்லையும் நகத்தையும் பற்றித்தான் முதலில் கேட்பார்கள், பதில் கையில் இருக்க வேண்டும்.

இடையில் ஒன்று. தினமும் பெற்றோர் குழுவுக்குப் படம் அனுப்பச் சொல்லும் நிர்வாகங்கள் பெருகிவிட்டன. பசை காய்வதற்குள் பிள்ளையை நிமிர்த்தி ஃபோனைப் பார்க்கச் சொன்னால் அந்த வேலை அங்கேயே முடிந்தது. மாலையில் சுவரில் ஒட்டியதைப் படம் எடுத்தால் போதாதா?

செத்தவன் போலப் படுத்துத் தப்பிய நண்பன் கதையைச் சொல்வதானால் கதையாக மட்டும் சொல்லுங்கள். மரமேறினால் தப்பலாம் என்று பதிந்துவிடக் கூடாது, இந்தக் கரடி தேனடைக்காக மரமேறும். நீலகிரிப் பக்கம் பள்ளி என்றால், இருட்டிய பிறகு தனியாக வெளியே போகக் கூடாது, கரடியைப் பார்த்தால் கிட்டப் போகாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டை மட்டும் தினமும் சொல்லவையுங்கள். கோலா படம் கலந்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது கங்காரு போலப் பை உள்ள விலங்கு. பாண்டாவை வைத்துக்கொள்ளலாம், அது கரடிதான்.