எதிர்க்கரையில் ஒரு துறைமுகம்

வணக்கம் சார்,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சிவிலைசேஷன் 5 கணினி விளையாட்டை வாங்கினேன். ஸ்பெயினின் இசபெல்லாவாக ஆடுகிறேன். கடலுக்கு அந்தப்பக்கம் எலிசபெத்தின் இங்கிலாந்து. நான்கு ட்ரெபுஷே (கல்லெறியும் பொறி), நான்கு டெர்சியோ (காலாட்படை), இரண்டு கான்கிஸ்டடோர் (குதிரைப்படை), மூன்று ஃபிரிகேட் (போர்க்கப்பல்) எல்லாம் சேர்த்துக்கொண்டு நேராக லண்டன் மேல் போனேன். கரையேறுவதற்குள் பாதிப் படை போய்விட்டது. ஏறிய மிச்சமும் இரண்டு மூன்று டர்னில் (ஆட்டமுறையில்) காலி. படையை இரட்டிப்பாக்கிக்கொண்டு மறுபடி போகலாமா, இல்லை கடல் தாண்டிப் படையெடுப்பதே வீண்வேலையா? ஆட்டமே மோசடி என்கிறான் தம்பி.

செ.

அன்புள்ள செ.,

ஆட்டம் மோசடி செய்யவில்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள். (கடினநிலையை ஏற்ற ஏற்றக் கணினிக்குச் சலுகைகள் கூடும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் தோற்றது அதனால் அல்ல.)

உங்களிடம் ஆள் குறையவில்லை. இரட்டிப்பாக்கினால் இரண்டு மடங்கு பேர் சாவார்கள், அவ்வளவுதான். வரைபடத்தின் ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம். லண்டனை ஒட்டிய கரையில் இறங்கத் தோதான கட்டங்கள் நாலைந்து இருந்தால் அதிகம். மற்றவர்கள் தண்ணீரில் காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீரில் நிற்கும் தரைப்படை கிட்டத்தட்ட நிராயுதபாணி. போதாததற்கு, இங்கிலாந்தின் கப்பல்கள் மற்றவர்களுடையதைவிட ஒரு டர்னில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போகும்.

இறங்கியவர்கள் கதையைப் பாருங்கள். ட்ரெபுஷே கரையில் கால் வைத்ததும் அதன் அந்த டர்ன் முடிந்தது. அப்புறம் எலிசபெத்தின் முறை. நகரம் இரண்டு கட்டம் வரை சுடும், ஆங்கில வில்லாளிகளின் அம்பு மூன்று கட்டம் பாயும். அடுத்த டர்னில் ட்ரெபுஷே பிழைத்திருந்தால், நிலைநிறுத்திவிட்டுத்தான் முதல் கல்லை எறியலாம். சரி, நகரத்துக்கு எட்டாத இடத்தில் இறங்கலாமே என்றால், நெருங்கி நிலைநிறுத்த ஒரு டர்ன், எறிய அடுத்த டர்ன். இவ்வளவு நேரமும் அடி வாங்குவது நீங்கள் மட்டும்தான்.

1588இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப் அனுப்பிய ஆர்மடாவுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. சுமார் 130 கப்பல்கள். ஃபிளாண்டர்ஸில் காத்திருந்த பார்மா பிரபுவின் தரைப்படையைப் பாதுகாப்பாக இங்கிலாந்துக்குக் கடத்திவிடுவது திட்டம். ஆனால் பெரிய கப்பல்கள் நுழையும் ஆழமுள்ள துறைமுகம் எதுவும் அந்தக் கரையில் ஸ்பெயினின் கையில் இல்லை. ஆழமில்லாத கடலோரத்தை டச்சுக்காரர்களின் சிறு படகுகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஆர்மடா கலேக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டது. நள்ளிரவில் ஆங்கிலேயர்கள் எட்டுக் கப்பல்களுக்குத் தீ வைத்து அதன்மேல் அனுப்பினார்கள். நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு கப்பல்கள் சிதறின. மறுநாள் கிராவ்லைன் சண்டை. பிறகு ஸ்காட்லாந்தைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் புயலில் போனவை பல. பார்மாவின் படை கடலைக் கடக்கவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஃபிலிப்புக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருந்தது. கான்கிஸ்டடோர் வெறும் குதிரைவீரன் அல்ல. உங்கள் தலைநகரம் இல்லாத கண்டத்தில் அவனால் புது நகரமே அமைக்க முடியும். அவனைப் போய் லண்டன் மதிலில் மோதவிட்டிருக்கிறீர்கள்! போருக்கு வெகுமுன்னால், ஆங்கில எல்லைக்கு வெளியே கடலோரமாக ஒரு நகரத்தைப் போடுங்கள். எலிசபெத் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். சிறப்புத் தேர்ச்சி பெறாத கப்பல்கள் நம் எல்லைக்குள்தான் காயம் ஆறும். அந்த ஊர் இல்லையென்றால், அடிபட்ட ஒவ்வொரு ஃபிரிகேட்டும் ஸ்பெயினுக்குத் திரும்பியாக வேண்டும்.

அடுத்தது, தேதி. ஃபிரிகேட்டுக்கு முந்தைய வகையான காலியஸ் கப்பல்களை முன்கூட்டியே கட்டி வையுங்கள், பொன்னையும் சேர்த்து வையுங்கள். நேவிகேஷன் என்ற தொழில்நுட்பம் கிடைத்த டர்னிலேயே அத்தனையையும் ஃபிரிகேட்டாக மாற்றிவிடலாம். ஒரு ஃபிரிகேட்டுக்கு ஓர் இரும்பு வேண்டும், ஆகவே முதலில் இரும்பை எண்ணுங்கள். அதே நேவிகேஷன் இங்கிலாந்துக்குக் கிடைத்தால் அவர்களுக்கு ‘ஷிப் ஆஃப் த லைன்’ என்ற தனிப் போர்க்கப்பல் வரும். அதன் சுடுதிறன் 35, உங்கள் ஃபிரிகேட்டுக்கு 28. அதற்கு முன்னால் போர் தொடங்க முடியாதென்றால் வேறு எதிரியைப் பார்ப்பதே நல்லது.

எல்லையருகே படையைக் குவித்தால் ‘இங்கே என்ன வேலை?’ என்று எலிசபெத் கேட்பார். ‘சும்மா கடந்து போகிறோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தாக்கினால் மற்ற நாடுகளிடமும் பெயர் கெடும். கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

முதல் இலக்கு லண்டன் வேண்டாம். பெயர்ப்பட்டையில் தெரியும் வலிமை எண்ணைப் பார்த்து, கடலோரத்தில் இருப்பதிலேயே நோஞ்சான் ஊரைப் பிடியுங்கள். நகரம் ஒரு டர்னில் ஒருமுறைதான் சுடும். ஐந்தாறு ஃபிரிகேட் சுற்றி நின்றால், அடிபட்டதை மட்டும் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு மற்றவை சுட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் தூரத்திலிருந்து சுடுகிற படையால் நகரத்துக்குள் நுழைய முடியாது. மதில் தரைமட்டமானாலும் கொடி மாறாது. உள்ளே போக, நெருங்கி மோதும் பிரைவட்டீர் கப்பல் ஒன்று வேண்டும். அது 2012இல் வந்த ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ விரிவாக்கத்தில் சேர்ந்தது. பிரைவட்டீர் கையில் இல்லையென்றால் கடைசி டர்னில் ஒரு டெர்சியோவையோ கான்கிஸ்டடோரையோ இறக்குங்கள். நகரத்தைத் தாக்கும்போது நைட் என்ற சாதாரணக் குதிரைப்படைக்கு இருக்கும் பலக்குறைவு கான்கிஸ்டடோருக்குக் கிடையாது.

பிடித்த ஊரை உடனே இணைத்துக்கொள்ளாதீர்கள், அதிருப்தி கூடும்; நீங்கள் நேரடியாக நிர்வகிக்காத பொம்மை நகரமாகவே விட்டுவையுங்கள். மக்கள் மகிழ்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே போனால் படையின் பலமும் குறையும். இரண்டு ஊர் விழுந்த பிறகு லண்டனைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய சேமிப்பு ஏதாவது இருந்தால் போருக்கு நாற்பது ஐம்பது டர்ன் முன்னால் இருப்பதைத் திறங்கள். எத்தனை இரும்பு, எவ்வளவு பொன், இங்கிலாந்துக் கரையில் எங்கே காலியிடம் என்று எழுதி அனுப்பினால் நகரத்தை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.